மறுகால் ஓடையும் என் விறகுப்புரையும்

எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகள். சுசீந்திரத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். வடக்கே குளம், மேற்கே ஐந்து ஏக்கர் நிலம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயல் அது. நெல் கட்டுப்படியாகவில்லை என்று வாழை வைத்தார்கள். வாழை போய்த் தென்னை வந்தது. தென்னையும் போய்ச் சும்மா கிடந்தது. நாஞ்சில் நாட்டில் பல வயல்கள் மனையானது இப்படித்தான். எங்கள் தெருவும் அப்படி வந்ததுதான். ஆனால் அன்று எங்களில் யாருக்கும் அது நினைவில் இல்லை.

ஒரு ஆனி மாதக் காலையில் ஜேசிபி வந்து புதரை வழித்தது. மறுநாள் செம்மண் லாரி. மனைப்பிரிவு வருகிறது என்று தெரிந்ததும் தெரு கொதித்தது. 2021 நவம்பர் மழையில் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து, என் வீட்டின் மூன்றாவது படிவரை தண்ணீர் நின்றது. மேற்கே இருந்த அந்தப் பள்ளம் வாங்கிக்கொண்டதால்தான் நான்காவது படி தப்பியது. அதையும் மண் அடித்து மேடாக்கினால் தண்ணீர் எங்கே போகும்?

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாகர்கோவிலுக்குப் போய் மனு கொடுத்தோம். எழுதியது நான்தான், முப்பது வருடம் தமிழ் வாத்தியார் வேலை பார்த்த கை, இரண்டு பக்கம் ஓடியது. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததையும், கோரைக்குள் நடக்கும் நீலத் தாழைக்கோழியையும் விடவில்லை. அதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டு, "உங்கள் குளம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா? அதன் சர்வே எண் என்ன?" என்று கேட்டார். இல்லை என்பது தெரியும். எண் எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் தெரியாது.

அதன்பிறகுதான் காகிதங்களைத் தேட ஆரம்பித்தோம். குளத்துக்கும் ஐந்து ஏக்கருக்கும் எங்கள் தெருவுக்கும் புலப்படம், அதாவது நில அளவை வரைபடம் எடுத்தோம். சர்வே எண்வாரியாக நில விவரம் உள்ள அ-பதிவேட்டின் நகலும் வாங்கினோம். மனைப்பிரிவு வரைபடத்தின் நகல் கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்பினேன். சட்டம் சொல்வது முப்பது நாள். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாயிற்று, ஆனால் வந்தது.

வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து ஒரு மாலை முழுவதும் பார்த்தோம். எங்கள் கொல்லைகளுக்கும் அந்த நிலத்துக்கும் நடுவே புலப்படத்தில் நான்கு மீட்டர் அகலத்தில் மறுகால் ஓடை தெற்கே போகிறது. மனைப்பிரிவு வரைபடத்தில் அதே ஓடை, பாதைக்கு அடியில் இரண்டடி சிமென்ட் குழாயாகச் சுருங்கியிருந்தது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பாதை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்காக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதையும் தெற்கு மூலையில், யாரும் விலைக்கு வாங்காத முக்கோணத் துண்டாகப் போட்டிருந்தார்கள்.

பிடி கிடைத்துவிட்டது என்று துள்ளினோம். அப்போதுதான் எதிர்வீட்டு அண்ணாச்சி, "டீச்சர், ஓடை இவ்வளவு அகலம் என்றால் நம் மதில் எங்கே நிற்கிறது?" என்றார்.

அப்பா வைத்துவிட்டுப் போன தகரப்பெட்டியைத் திறந்தேன். கொல்லம் ஆண்டு 1118-ல், அதாவது 1942-43-ல் எழுதிய மூலப் பிரமாணம் (பத்திரம்), மடிப்புகளில் கிழிந்திருந்தது. மேற்கெல்லையில் ஒரே வரி: குளத்து மறுகால் ஓடைக்குக் கிழக்கு. என் வீட்டுக்கு மேற்கே ஓடை எதையும் நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் என் விறகுப்புரையும் துவைகல்லும் அவற்றுக்கு அப்பால் மதிலும்தான்.

சர்வேயர் வந்த அன்று தெருவே கொல்லையில் நின்றது. குளக்கரைக் கல்லிலிருந்து சங்கிலி இழுத்து முளை அடித்துக்கொண்டே வந்தார். என் விறகுப்புரையின் சுவரில், கதவுக்கு ஒரு முழம் இப்பால், சிவப்பு பெயின்டில் கோடு போட்டார். அதற்கு மேற்கே உள்ளதெல்லாம் ஓடை. பன்னிரண்டில் நான்கு வீடுகள் இதே கதை. நிலத்துக்காரர் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. "என் பக்கத்தை நான் விடுகிறேன், டீச்சர். உங்கள் பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் எங்களோடு உட்கார்ந்து பேசியது பெருந்தன்மையால் அல்ல. அனுமதி பெறாத மனையைப் பதிய முடியாது என்பது 2016-க்குப் பிறகு இறுகிவிட்டது. நன்செய் நிலமென்றால் வேளாண் துறையின் கருத்தும் வேண்டும். எங்கள் ஆட்சேபம் கோப்பில் இருக்கும்வரை அவருக்குத் தலைவலி. சிவப்புக் கோடு இருக்கும்வரை எங்களுக்கும்.

வாசகசாலைத் திண்ணையில் மூன்று முறை கூடினோம். குழாய்க்குப் பதில் ஓடையின் முழு அகலத்துக்குக் கல்வெர்ட் (சிறுபாலம்) என்பதற்கு முதல் கூட்டத்திலேயே ஒத்துக்கொண்டார். பூங்காவைக் குளக்கரையோரம் மாற்றுவதுதான் இழுத்தது. குளத்தைப் பார்த்த மனைக்கே அதிக விலை என்றார். கடைசியில் அவருடைய கொத்தனாரே கணக்குப் போட்டு, அந்தத் தாழ்வான வடக்கு ஓரத்தைத் தூக்க அறுபது லோடு மண் கூடுதலாகும் என்று சொன்னதும் இறங்கிவந்தார். எங்கள் பேச்சைவிட அந்த அறுபது லோடுதான் வேலை செய்தது. புதுப் பாதை எங்கள் தெருவைவிட உயரக்கூடாது என்ற கோரிக்கையில் தோற்றோம்; ஒன்றரை அடி மேலே நிற்கிறது. வரைபடத்தைத் திருத்தி மறுபடி அனுப்பினார்கள், அனுமதி வந்தது.

நான் விறகுப்புரையை இடித்தேன், துவைகல்லை வீட்டுப் பக்கம் நகர்த்தினேன். மொத்தச் செலவு பதினெட்டாயிரம். இன்னும் இரண்டு வீட்டார் மதிலை உள்ளே வாங்கினார்கள்.

இந்த ஐப்பசியில் குளம் மறுகால் பாய்ந்தது. குடையோடு கொல்லையில் போய் நின்றேன். தண்ணீர் கல்வெர்ட்டைத் தாண்டி, என் கொல்லையோரம் வந்து, தெற்கே மிச்சமிருக்கும் ஒரே மதிலில் மோதிச் சுழன்றது. மோதியதற்கு ஒரு சாண் மேலே சர்வேயரின் சிவப்புக் கோடு தெரிந்தது. அந்த வீட்டுக்காரர் தை பிறந்ததும் இடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.