முதுகில் பாட்டில், கையில் மார்க்கர்

மச்சானுக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம். அதில் பால் வற்றிப்போன ஒரு துண்டை மட்டும் ஒதுக்கி, நாலு பழைய டயர், பத்துச் சாக்கு மணல், கொஞ்சம் தகரம் எல்லாம் போட்டு, பெயிண்ட்பால் மைதானம் என்று போர்டும் வைத்துவிட்டான், சாயக் குண்டுகளால் ஒருத்தரை ஒருத்தர் சுட்டு விளையாடுகிற இடம். மார்க்கர், அதாவது அந்தக் குண்டைச் சுடுகிற துப்பாக்கி, எல்லாம் பெங்களூரில் கடையைச் சாத்தின ஒருவரிடமிருந்து மொத்தமாக வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைந்தால் எனக்குப் போன் வரும், காசில்லாமல் விளையாடக் கிடைக்கிறதே என்று நானும் போய்விடுவேன்.

மார்க்கரைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. குண்டைத் தள்ளுகிற காற்றை அடைத்து அதன் பின்னால் தொங்குகிற பாட்டில்தான் தகராறு. காற்றும், அதன் அழுத்தத்தைக் குறைத்து விடுகிற ரெகுலேட்டரும் சேர்த்து ஒன்றரை கிலோ பக்கம் வரும், அதை நீட்டிப் பிடித்துக்கொண்டே மரத்துக்கு மரம் ஓட வேண்டும். வலது தோள் எனக்கு ஏற்கெனவே சரியில்லை, இரண்டு ஆட்டம் முடிந்தால் மதியம் மீன்குழம்புச் சோற்றை வாய்வரை கொண்டுபோகவே தோள் சம்மதிக்காது.

இதற்குத் தீர்வு ரிமோட் லைன். பாட்டிலைக் கழற்றி முதுகுப் பையில் போட்டுக்கொண்டு, அங்கிருந்து ஒரு சுருள் ஹோஸை மார்க்கரில் பாட்டில் மாட்டுகிற அதே மறையில் திருகிவிட்டால் முடிந்தது, கைக்கு மார்க்கரின் கனம் மட்டும்தான். சரி, நாலு சாமான் வாங்கி மாட்டுகிற வேலைதானே என்று நினைத்தேன். நம்ம ஊரில் ஒருத்தன் ஒரு ஹோஸ் வாங்கப் போகிறான் என்று தெரிந்தால் போதும், வீட்டில் மாமா முதல் டீக்கடை அண்ணாச்சி வரை எல்லாருக்கும் அதில் முன்அனுபவம் இருக்கும்.

முதல் சண்டை முதுகில் போடுகிற பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடா, அழுத்தக் காற்றா என்பதில். மச்சான் கார்பன் டை ஆக்சைடு கட்சி. சோடாக் கம்பெனிகளுக்கு சிலிண்டர் போடுகிறவர் அவனுக்குப் பழக்கம், விலையும் குறைவு. அந்த வாயு பாட்டிலுக்குள் பாதி திரவமாகக் கிடக்கும், அதன் அழுத்தத்தை முடிவு செய்வது வெயில்தான் என்று சொல்லிப் பார்த்தேன். 20 டிகிரியில் 57 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தம்), 30 டிகிரியில் 72 பார், 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்றே இருக்காது. நம்ம ஊர் வெயிலுக்கு 31 எல்லாம் காலை ஒன்பது மணிக் கணக்கு. இன்னொரு பக்கம், படபடவென்று சுட்டால் திரவம் ஆவியாகிற வேகத்தில் பாட்டில் குளிர்ந்துபோய் அழுத்தம் இறங்கிவிடும். திரவம் மார்க்கருக்குள் ஏறினால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்களும் போச்சு.

மச்சான் கேட்கவில்லை. அவனுடைய மார்க்கர் ஒன்றில் சோடாக்காரர் வாயுவை ஏற்றி, காலையில் நொடிக்கு 270 அடி வேகத்துக்கு சரிசெய்து வைத்தான். உச்சி வெயிலில் அளந்தால் 300-க்கு மேலே காட்டுகிறது. 300 என்பது உலகம் பூராவும் மைதானங்களில் மேல் வரம்பு, பல இடங்களில் 280-க்கே நிறுத்திவிடுவார்கள். "வேகமாப் போனா நல்லதுதானலே" என்றான். அன்றைக்குச் சாயங்காலம் அதே மார்க்கரை வாங்கின ஒரு காலேஜ் பையன் மச்சானின் தொடையில் ஒன்று வைத்தான். மறுநாளே மச்சான் காற்றுக்குக் கட்சி மாறிவிட்டான்.

காற்றுக்கு எங்கே போவது? பஞ்சர் கடை மாமா, "நம்மகிட்ட கம்ப்ரசர் இருக்கே, கொண்டா மக்களே, நிமிசத்துல ஏத்திரலாம்" என்றார். பாட்டிலில் குத்தியிருந்த 3000 பிஎஸ்ஐ (சுமார் 200 பார்) என்ற எழுத்தைக் காட்டினேன். லாரி டயருக்கே நூற்றுச் சொச்சம்தான் வைக்கிறார், பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கி என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பேசினார். சித்தப்பாவின் யோசனை இதைவிட பயங்கரம். தாத்தாவுக்கு வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் சிலிண்டர் சும்மா கிடக்கிறதாம், அதிலிருந்து பிடித்துக்கொள்ளலாமாம். மார்க்கருக்குள் எண்ணெய் போட்டிருக்கிறது, எண்ணெயும் அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பெட்டியே வேண்டாம். அவரை உட்காரவைத்து இதைப் புரியவைக்க ஒரு கட்டன் சாயா செலவானது.

கடைசியில் கோவளத்தில், கடலில் முக்குளிப்பவர்களுக்குக் காற்று நிரப்புகிற ஒரு ஸ்கூபா கடையில் நிரப்பலாம் என்று முடிவு. நம்ம கன்னியாகுமரி கோவளம் இல்லை, திருவனந்தபுரத்துக் கோவளம். (மச்சானின் தம்பி முதல்முறை நம்ம கோவளத்துக்கே போய், வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் சிலிண்டரைக் காட்டிக் காற்று கேட்டிருக்கிறான். கேஸ் கடைக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.)

பாட்டில் அளவையும் அந்தக் கடைதான் முடிவு செய்தது. 68 கன அங்குலம், 4500 பிஎஸ்ஐ கார்பன் ஃபைபர் பாட்டில் பார்க்க அழகு, எடையும் கம்மி. ஆனால் அதை முழுக்க நிரப்ப சுமார் 310 பார் வேண்டும், முக்குளிப்பவர்களுக்கு நிரப்புவது 200 பார். மூன்றில் ஒரு பங்கை எப்போதும் காலியாகச் சுமக்க நான் என்ன பைத்தியமா? 48 கன அங்குலம், 3000 பிஎஸ்ஐ அலுமினியமே போதும், அது கிட்டத்தட்ட 200 பார்தான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்த முத்திரை இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அனுப்பவும் வேண்டும். இப்போது 12 லிட்டர் ஸ்கூபா சிலிண்டர் ஒன்றை நிரப்பி வந்து தோட்டத்து ஷெட்டில் வைத்து, அதிலிருந்து பாட்டிலுக்கு இறக்குகிறோம். முதல் பாட்டிலுக்கு சுமார் 188 பார் கிடைக்கும், அடுத்ததுக்கு 176, அப்படியே இறங்கிக்கொண்டே போகும். அதனால் மைதானத்துக்கு முதலில் வந்து சேருகிறவன் நான்தான்.

ஹோஸுக்கு மார்த்தாண்டத்தில் ஒரு ஹைட்ராலிக் கடையில் கேட்டேன். கடைக்காரர் விரல் தடிமனுக்கு ஒரு ஹோஸைத் தூக்கி மேஜையில் போட்டு, "இது ஜேசிபி கைக்குப் போடுறது, உங்க காத்து இத ஒண்ணும் செய்யாது" என்றார். அழுத்தக் கணக்கில் அவர் சொன்னது சரி. பாட்டிலிலிருந்து ரெகுலேட்டர் வழியாக வெளியே வருவது 800 பிஎஸ்ஐ அளவுதான். ஆனால் அந்த ஹோஸ் பாட்டிலைவிடக் கனம், வளைக்க இரண்டு ஆள் வேண்டும். பெயிண்ட்பாலுக்கென்றே வருகிற சுருள் ஹோஸை ஆன்லைனில் வரவழைத்தேன்.

அதிலும் ஸ்லைடு செக் இருக்கிறதுதான் வேண்டும் என்று நின்றேன், மலிவான ஹோஸ்களில் அதைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள். ஹோஸில் விரல் நீளத்துக்கு ஒரு உலோகக் குழல், அதன் மேல் நகர்கிற ஒரு வளையம். வளையத்தைப் பின்னால் இழுத்தால் பாட்டில் பக்கம் அடைபடும், மார்க்கர் பக்கம் நிற்கிற காற்று 'உஸ்' என்று வெளியேறி ஹோஸ் தொய்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஹோஸைச் சட்டென்று கழற்றுகிற குயிக் டிஸ்கனெக்ட் இணைப்பில் கைவைக்கலாம். அழுத்தத்தோடு பிடுங்கினால் ஹோஸ் எந்தப் பக்கம் திரும்பி யாரை அடிக்கும் என்று சொல்ல முடியாது.

எல்லாம் மாட்டி முதல் நாள் தோட்டத்துக்குள் நடந்தேன். முதுகில் பாட்டில், வலது கையிடுக்கு வழியாக ஹோஸ், முகத்தில் மாஸ்க். பக்கத்துத் துண்டில் பால் வெட்டுகிற அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "துரிசு அடிக்கியதுக்கா வந்திய மக்களே? மழைக்கு முன்னால அடிச்சாத்தான் இலை கொட்டாது, பாத்துக்கிடுங்க" என்றார். துரிசு என்றால் இலை உதிராமல் இருக்க ரப்பருக்குத் தெளிக்கிற செம்பு மருந்து. இல்லக்கா, விளையாடுவதற்கு என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

ஆட்டத்தில் தோள் வலி இல்லை, அதற்குப் புதுத் தொல்லை வந்தது. பால் நின்ற மரங்களில்கூட பால் பிடிக்கச் சிரட்டை வைக்கிற கம்பியை யாரும் கழற்றவில்லை. மரத்தின் பின்னால் ஒளிந்துவிட்டு எழுந்து ஓடினால் ஹோஸின் சுருள் ஒன்று கம்பியில் மாட்டிக்கொள்கிறது. நான் நாலு எட்டு வைக்கிற வரை சுருள் நீளும், அப்புறம் என்னையும் சேர்த்து மரத்துக்கே திரும்ப இழுக்கும். எதிரணிக்கு சுடக்கூடத் தேவையில்லை, சிரித்துக்கொண்டே நடந்து வந்து "சரண்டரா அண்ணே?" என்று கேட்டார்கள். இப்போது சுருளை முதுகுப் பட்டையோடு ஒரு வெல்குரோ துண்டால் கட்டி, கைக்கு வேண்டிய நீளம் மட்டும் வெளியே விட்டிருக்கிறேன்.

இதைப் பார்த்த மச்சானுக்கு ஒரு யோசனை. ஒரு பெரிய பாட்டில், அதிலிருந்து இரண்டு ஹோஸ், இரண்டு பேருக்கு. புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு ஜோடி பேக்கேஜ் என்று தனியாக வசூலிக்கலாமாம். பாட்டிலை யார் முதுகில் போடுவது என்பது வரை யோசித்துவிட்டான், எதிரணியைப் பார்த்ததும் புருஷன் ஒரு பக்கமும் பெண்டாட்டி ஒரு பக்கமும் ஓடினால் என்ன ஆகும் என்று கேட்டேன், அதற்கு ஒரு ஹோஸை இரண்டாகப் பிரிக்கிற டி அடாப்டர் இருக்கிறது என்கிறான்.