டச்சில் ‘நினைவு’ எழுதப் பழகியது

உத்ரெக்டில் இருந்தபோது, நெதர்லாந்து அரசின் டச்சுமொழித் தேர்வில் உயர்நிலையான இரண்டாம் திட்டத்தை எழுதினேன். வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் முதல் முறையே தேறி, எழுதுதலில் மட்டும் தவறினேன். பயிற்சிக் கட்டுரைகளைப் புரட்டியபோது, தமிழில் ‘நினைவு’ என்று வரும் இடங்களிலெல்லாம் அகராதியில் முதலில் கிடைத்த ‘கெஹேகன்’ என்ற சொல்லையே நான் போட்டு வந்திருப்பது தெரிந்தது. இளமை நினைவுகள் பற்றிய கட்டுரையில் அதைப் பன்மையாக்கி எழுதியதைப் படித்த ஆசிரியை, “உங்களுக்கு எத்தனை தலைகள்?” என்று கேட்டார்.

கெஹேகன் என்பது நினைவில் வைக்கும் ஆற்றல். கணினியின் நினைவகமும் அதுவே. அதில் தங்கியிருக்கும் ஒரு நிகழ்ச்சி ‘ஹெரின்னரிங்’. எனவே இளமை நினைவு ‘யேஹ்ட்ஹெரின்னரிங்’ ஆகும், நினைவிழப்போ ‘கெஹேகன்ஃபெர்லீஸ்’. ஊரே கூடி நினைவுகூர்வது இரண்டிலும் சேராது. மே 4ஆம் நாள் இரவு 8 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனம் காத்துப் போரில் இறந்தோரை நினைவுகூரும் நிகழ்வுக்கு ‘டோடன்ஹெர்டெங்கிங்’ என்று பெயர். இறந்தோர் என்பதும் நினைவுகூரல் என்பதும் அதில் ஒட்டி நிற்கின்றன.

இப்படி ஒட்டுவதில்தான் நான் அதிகம் இடறினேன். ‘நீண்டகால நினைவாற்றல்’ என்பதை மூன்று சொற்களாகப் பிரித்து எழுதுவேன். டச்சில் ‘லாங்கதெர்மைன்கெஹேகன்’ ஒரே சொல். மேலும், ஆங்கிலத்தின் ‘the’ போலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘டெ’, ‘ஹெட்’ இரண்டில் எது என்பதைக் கடைசிப் பகுதியே முடிவு செய்கிறது: கெஹேகன் ‘ஹெட்’ சொல், ஆனால் நினைவக அட்டையான ‘கெஹேகன்கார்ட்’, கார்ட் என்பதால், ‘டெ’ சொல்.

இவற்றை மனத்தில் நிறுத்த உதவியதும் நினைவு பற்றிய ஒரு சொல்தான்: ‘ஏசல்ஸ்ப்ருகெச்செ’, அதாவது கழுதையின் சிறு பாலம், நினைவில் வைக்கும் உத்தி. (கழுதை என்று நம்மைத்தான் சொல்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தமில்லை.) இறந்தகால வினைக்கு ‘தெ’ சேர்ப்பதா ‘டெ’ சேர்ப்பதா என்று அறிய, ‘கொஃப்ஸ்கிப்’ என்ற பழைய சரக்குக் கப்பலின் பெயரிலுள்ள மெய்யெழுத்துகளைப் பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பார்கள். வினையடியின் கடைசி மெய் அதில் இருந்தால் ‘தெ’. ‘வேலை செய்’ என்னும் ‘வெர்கன்’ வினையின் அடி ககரத்தில் முடிவதால் ‘வெர்க்தெ’ ஆகிறது. நானும் ஒரு பாலம் கட்டிக்கொண்டேன்: கெஹேகன் பெட்டி, ஹெரின்னரிங் அதற்குள் இருக்கும் படம், ஹெர்டெங்கிங் அந்தப் படத்தைத் தெருவில் எடுத்துச் செல்வது. இரண்டாம் முறை எழுதும்போது ஒவ்வொரு கூட்டுச்சொல்லையும் வாலிலிருந்து தலைக்கு ஒருமுறை சரிபார்த்தேன். நேரம் நெருக்கியது, ஆனாலும் தேறினேன்.