வரம்பு வைத்தும் நிற்காத ஐபேட்

7 முதல் 12 வயதுப் பிள்ளைகள், பள்ளிப் பாடம் தவிர, நாளொன்றுக்கு 2 மணி நேரத்திற்கும் குறைவாகவே திரை பார்க்க வேண்டும் என்று சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் அறிவுறுத்தியதை ஒட்டி, தோ பாயோ வீட்டில் மகனின் ஐபேடுக்கு நேர வரம்பு வைத்தேன். ஆனால், இரவில் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. நேரம் முடிந்ததும் வரும் அறிவிப்பில் வரம்பைப் புறக்கணிக்கும் பொத்தானைத் தொட்டு, அவன் விளையாட்டைத் தொடர்ந்திருக்கிறான். ஐபேடின் திரைநேரக் கட்டுப்பாட்டு வசதியான ஸ்கிரீன் டைமுக்குத் தனிக் கடவுக்குறியீடு வைத்து, வரம்பு முடிந்ததும் தடுக்கும் அமைப்பையும் இயக்கினால்தான் அது பூட்டாகும். இரண்டையும் நான் செய்திருக்கவில்லை. பிள்ளை ஐபோனில் செலவிட்ட நேரமும் கணக்கில் சேர, இரு சாதனங்களும் பிள்ளையின் ஒரே ஆப்பிள் கணக்கில் இருந்து, ஸ்கிரீன் டைமைச் சாதனங்களுக்கிடையே பகிரும் அமைப்பும் இயங்க வேண்டும். குறியீட்டை அவன் எதிரில் அழுத்தாதீர்கள்; என் விரலசைவைப் பார்த்தே நான்கு இலக்கங்களையும் மகன் மனப்பாடம் செய்துவிட்டதால், மறுவாரமே மாற்ற நேர்ந்தது.