ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை நான் படித்திருக்கவில்லை

ஒரகடம் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கிடங்கு கட்டிக் கொடுத்தேன். 2022 ஏப்ரலில் இறுதி பில் போட்டேன். நிலுவை 23 லட்சம்: அளந்த வேலைக்கு 14, எக்ஸ்ட்ரா வேலைக்கு 6.4, வேலைக்கு உத்தரவாதமாகப் பில்லில் பிடித்து வைத்திருந்த ரிட்டென்ஷன் 2.6. எட்டு மாதம் அலைந்தேன். "எம்.டி. ஊரில் இல்லை" என்பதுதான் பதில்.

வக்கீலிடம் போனதும் அவர் முதலில் பார்த்தது கடைசிப் பக்கத்தை. தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதிலாக அதைத் தீர்க்கும் நடுவர், எம்.டி. நியமிக்கும் ஆளே என்று அங்கே இருந்தது. கையெழுத்துப் போட்டவன் நான்தான்! எனக்குத் தலை சுற்றியது, அவரோ சிரித்தார். வழக்கின் முடிவில் அக்கறை உள்ளவர் தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இலேயே சொல்லிவிட்டதாம்.

2023 ஜனவரியில், தகராறை நடுவரிடம் விடவேண்டும் என்று நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் (ஆர்பிட்ரேஷன் சட்டம்) 21-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் அனுப்பினோம். முப்பது நாளில் பதில் இல்லை. நடுவரை நியமிக்கச் சொல்லி அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவில் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டோம். ஆகஸ்டில் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் நடுவராக வந்தார். அவருடைய கட்டணத்தில் பாதி என் தலையில். மனைவியின் வளையலை வைத்துத்தான் கட்டினேன்.

விசாரணையில் என்னைக் காப்பாற்றியது எம்-புக், அதாவது முடித்த வேலையின் அளவுகளைக் குறித்து வைக்கும் புத்தகம். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அவர்களுடைய சைட் இன்ஜினீயரின் கையெழுத்து இருந்தது. அளவே தப்பு என்று அவர்கள் தரப்பு வாதாடியபோது, நடுவர் அந்தப் பக்கங்களைத் திருப்பிக் காட்டி, "இது யார் கையெழுத்து?" என்று மட்டும் கேட்டார்.

எக்ஸ்ட்ரா வேலையில்தான் அடி வாங்கினேன். வரைபடத்தில் அஸ்திவாரம் ஒன்றரை மீட்டர். தோண்டினால் கொட்டி நிரப்பிய மண். கெட்டி மண் கிடைக்க 2.4 மீட்டர் போகவேண்டி இருந்தது. "போடுங்க சார், பில்லில் பார்த்துக்கலாம்" என்றார் இன்ஜினீயர். கான்கிரீட் வண்டி வந்து நிற்கும்போது யார் கடிதம் கேட்பார்கள்? ஆனால் முன்கூட்டியே எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்றது ஒப்பந்தம். நல்ல வேளை, சில குழிகளை மட்டும் அளவு டேப்போடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அவர் "ஓகே, ப்ரொசீட்" என்று பதில் போட்டிருந்தார். அந்தக் குழிகளுக்கு 2.1 லட்சம் கிடைத்தது. மிச்சம் 4.3 லட்சம் மண்ணோடு மண்ணாகப் போனது. நடுவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு முன்னால் காகிதம் இல்லையே.

2024 டிசம்பரில் தீர்ப்பு. மொத்தம் 18.7 லட்சம், அதற்கு 9 சதவீத வட்டி. அப்பாடா என்று உட்கார்ந்தால், 34-ஆம் பிரிவில் எதிர்த்து மனு போட அவர்களுக்கு மூன்று மாத அவகாசம் உண்டு என்றார் வக்கீல். அந்த மூன்று மாதம் தூக்கமே இல்லை. எண்பதாவது நாள் வாக்கில் அவர்களே போன் செய்தார்கள். வட்டியில் பாதியை விட்டால் ஒரே தவணையில் தருகிறோம் என்றார்கள். விட்டேன். மறுபடி கோர்ட் படி ஏறத் தெம்பில்லை.

பணம் வந்ததும் முதல் வேலையாக ஹார்டுவேர் கடை அண்ணாச்சிக்குத் தரவேண்டிய நாலு லட்சத்தைக் கொடுத்தேன். ஒரு ரூபாய் வட்டி கேட்கவில்லை அவர். மறுநாள் இருபது மூட்டை சிமென்ட் கேட்டுப் போனபோது மட்டும், "ரொக்கம்தானே தம்பி?" என்றார்.