பெரியப்பாவின் பைனாகுலர்

டிசம்பர் 4

பெரியப்பா போய் இன்றோடு மூன்று வாரம். அவர் அறையை ஒழிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒழிக்கப் பெரிதாக என்ன இருக்கிறது? ஆறு சட்டை, இரண்டு ஜோடி ஷூ (இரண்டிலும் மண்), முனையில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட ஒரு டார்ச். தொட்டதும் ரப்பர் பேண்ட் உதிர்ந்துவிட்டது.

இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக அரை மணி நேரம் ஆகும். நடுவில் வெள்ளை வெளிச்சம் பட்டால் போச்சு. சிவப்பு அவ்வளவு கெடுக்காது. சின்ன வயதில் தாள் இல்லாத டார்ச்சை நான் அவர் முகத்துக்கு நேரே அடித்துவிட்டேன். திட்டவில்லை. கீழே உட்கார்ந்து, கண்ணை மூடி, மறுபடி முதலிலிருந்து காத்திருந்தார். திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

பைனாகுலரையும் எடுத்துப் பார்த்தேன். இடது கண்ணில் எதிர்மரத்துக் கிளை பளிச்சென்று இருக்கிறது, வலதில் ஒரே மங்கல். பழுது என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒன்றாக இருக்காது என்பதால் வலது வில்லைக்கு மட்டும் தனி வளையம் உண்டு. அது அவர் கண்ணுக்குத் திருகி வைத்த அளவு. அப்படியே உறையில் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 7

1986 மார்ச். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுப்பிக் கூட்டிப்போய் ஹாலி வால்நட்சத்திரத்தைக் காட்டினார். எனக்கு எட்டு வயது. வானம் முழுக்க வால் நீண்டிருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். சிலேட்டில் சரியாக அழிக்காத சாக்பீஸ் தடம் போல ஏதோ இருந்தது.

"இதுக்கா எழுப்பினீங்க?"

"எழுபத்தாறு வருஷம் சுத்திட்டு வந்திருக்கு. அதுகிட்டயும் இப்படித்தான் கேப்பியா?"

அடுத்து 2061-இல் வரும். அப்போது எனக்கு 83.

டிசம்பர் 10

அலுவலக ஜன்னலில் நின்று, கையை நீட்டி, சூரியனுக்கும் தொடுவானத்துக்கும் நடுவே விரல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். சூரியன் மறைய ஒரு விரலுக்குச் சுமார் கால் மணி நேரம். மூன்று விரல் இருந்தது. யாருக்கு டாட்டா காட்டுகிறீர்கள் என்றார் பக்கத்து மேசைக்காரர்.

டிசம்பர் 12

அப்பாவிடம் பெரியப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் அப்பாவின் கல்யாணத்தில்தான் போய் நிற்கும். அண்ணன் வந்து சேர்ந்தபோது பந்தியே முடிந்துவிட்டதாம், முழங்கால் வரை சேறாம். ஏதோ ஒரு பறவை கூட்டில் முட்டை பொரிந்துகொண்டிருந்ததாம். அப்பா பக்கம் நியாயம் இருக்கிறது. பெரியப்பாவுக்கு மனிதர்கள் எப்போதும் இரண்டாம்பட்சம்தான். கூட நடந்து வருகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. அப்பா ஒருநாளும் நடந்ததில்லை.

டிசம்பர் 14, பின்னிரவு

ஜெமினிட்ஸ் எரிநட்சத்திர மழை உச்சத்தில் இருக்கும் இரவு. பெரியப்பா தவறவிடாத ஒன்று. வால்நட்சத்திரம் உதிர்த்த தூசு என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். இது ஃபேத்தான் என்ற சிறுகோளிலிருந்து வருவது. பதினொரு மணிக்குக் கிளம்பினேன். "நானும் வரேன்" என்று அப்பா ஸ்வெட்டரோடு வாசலில் நிற்கிறார்!

முதல் இருபது நிமிடம் ஒன்றுமில்லை. இதற்கு டிவியே பார்த்திருக்கலாம் என்று முணுமுணுத்தார். அப்புறம் ஒன்று மெதுவாக, மஞ்சளாக, பாதி வானத்தைக் கடந்தது. முணுமுணுப்பு நின்றது.

கார்த்திகையைக் காட்டினேன். வெறும் கண்ணுக்கு ஆறு தெரியும், பைனாகுலரில் பாருங்கள் என்று யோசிக்காமல் கொடுத்துவிட்டேன்.

"ஒரு பக்கம் மங்கலா இருக்கேடா," என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வளையத்தைத் திருகிவிட்டார்.

அவ்வளவுதான். இத்தனை வருஷமாக அங்கே நின்ற அளவு போய்விட்டது. என் முகம் அவருக்குத் தெரியாத அளவுக்கு இருட்டாக இருந்தது, நல்லவேளை.

வெகுநேரம் அவர் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "கழுத்து பிடிச்சுக்கும்ப்பா, உட்காருங்க."

"சும்மா இரு. எண்ணிட்டிருக்கேன்."