தொடங்கினதை எப்போது விடுவது

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்தவன் நான். இதுவரை எழுதிய மென்பொருள்களில் மனதுக்கு மிக நெருக்கமானது விசுவமடுவில் அம்மானின் மிளகாய்த் தோட்டத்துக்கு எழுதியதுதான். சூரிய ஒளியில் ஓடும் சின்ன மோட்டர், 12 வோல்ட் பட்டரி, மண் ஈரம் பார்க்கும் சென்சர், பாத்திக்கு ஒரு வால்வு. நிலைமையைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும் ஒரு ஏஜென்ட். தண்ணீர் விடுவது, பொறுத்திருப்பது, பட்டரியைச் சேமிப்பது, ஆளைக் கூப்பிடுவது என நான்கு வேலைகள் அதற்குத் தெரியும்.

ஒருநாள் பின்னேரம் வானம் மூடிக்கொண்டு வந்தது. மோட்டரைப் போட்டு நிறுத்தும் மின் சுவிட்சான ரிலே டக், டக் என்று அடிக்கத் தொடங்கியது. மோட்டர் ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். பட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் சேமி என்று எழுதியிருந்தேன். மோட்டர் இழுக்கும்போது வோல்ட் இறங்கும். நிறுத்தினால் தானாக ஏறும். ஏறியதும் ஏஜென்ட் மறுபடி தண்ணீர் விடப் போகும். தான் செய்கிற வேலையே தான் பார்க்கிற சூழலை மாற்றுகிறது என்பது அதற்குத் தெரியாது.

அம்மான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “தம்பி, தண்ணி கட்டத் தொடங்கினா பாத்தி முடியும் மட்டும் வாய்க்காலை மாத்தப்படாது.”

“வரம்பு உடைஞ்சா, அம்மான்?”

“அப்ப என்ன, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதுதானே.”

அன்றிரவே திருத்தினேன். 11.8இல் நிறுத்து, 12.5 வந்தால்தான் திரும்பத் தொடங்கு. இடைவெளி விட்டதும் ரிலே அடங்கியது. ஆனால் அம்மானின் இரண்டாவது பதில்தான் கூடக் கஷ்டமானது. எது கடந்துபோகும் மேகம், எது வேலையை விட்டு ஓடவேண்டிய வரம்பு உடைவு? ரோபோ ஆய்வாளர் ரொட்னி புரூக்ஸ் 1986இல் ரோபோக்களுக்கு ஒரு அமைப்பை எழுதினார்: நடத்தைகள் அடுக்கடுக்காக ஒரே நேரத்தில் ஓடும், தேவை வந்தால் ஒன்று மற்றதை அடக்கும். அதை நினைத்துக்கொண்டு கிணற்று நீர்மட்டத்தைத் தனி அடுக்காகப் பிரித்தேன். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டர் பழுதாகும். அதற்கு முன்னால் பாத்திக் கணக்கு ஒன்றும் செல்லாது.

இப்போது சாட்ஜிபிடி போன்றவற்றின் பின்னால் இருக்கும் மொழி மாதிரிகளை வைத்து ஏஜென்ட் கட்டுகிறவர்களிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: தொடங்கின வேலையை உங்கள் ஏஜென்ட் எதற்காக விடும், எதற்காக விடாது? என்ன வேலையெல்லாம் செய்யும் என்ற பட்டியல் எனக்கு அதற்கப்புறம்தான்.

ஆவணி வெயிலில் கிணறு இறங்கிவிட்டது. ஐந்தாம் பாத்தியின் பாதியில் மோட்டர் நின்று, அம்மானின் போனுக்குச் செய்தி போனது. இரவில் ஊற்று ஏறியிருக்க வேண்டும். காலையில் அவர் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு அழைத்தார்.

“தம்பி, அஞ்சாம் பாத்தியிலதான் திரும்பத் தொடங்கியிருக்கு. விட்ட இடம் அதுக்கு ஞாபகமிருக்கு.”