பத்தரை மணிச் சாப்பாடு

போன வருடம் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டபோது ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 2' என்று வந்தது. ஈரலில் நடுத்தர அளவுக்குக் கொழுப்பு சேர்ந்திருக்கிறதாம். ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எஸ்ஜிபிடி 78, இருக்க வேண்டியதைவிட அதிகம். எனக்கு வயது 44, எடை 74 கிலோ. "குடிக்கிறவாளுக்குத்தானே ஈரல் கெடும்?" என்று மாமியார் பதறிப்போனார். எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது.

மும்பையில் செம்பூரில் வீடு, அந்தேரியில் வேலை. டாக்டர் எண்ணெயைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு நான் உட்காரப் பத்தரை ஆகிவிடும். குக்கரில் மீந்த சாதத்தைக் கொட்ட மனசு வராது. ரசத்துக்குக் கொஞ்சம், மோருக்குக் கொஞ்சம் என்று அதையும் போட்டுக்கொள்வேன். பதினொன்றுக்குப் படுக்கை. தேவைக்கு மேல் போகும் மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றிவிடும் என்றார் டாக்டர். அந்தக் குக்கர்தான் கண்முன் வந்தது.

மாத்திரை தரவில்லை. எடையில் 7 முதல் 10 சதவீதம், அதாவது ஐந்து, ஏழு கிலோ குறைக்கச் சொன்னார். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் ஈரலுக்கே கெடுதல் என்றும் எச்சரித்தார்.

முதல் மாதம் ஒரு தப்பு செய்தேன். சர்க்கரை போட்ட கட்டிங் சாயை (அரை கிளாஸ் டீயை) விட்டுவிட்டு, நல்லதென்று நினைத்து தினமும் ஸ்டேஷன் வாசலில் மொசம்பி (சாத்துக்குடி) ஜூஸ் குடித்தேன். பழச்சர்க்கரையில் பெரும்பகுதி நேராக ஈரலுக்குத்தான் போகுமாம். பழத்தைச் சுளையாகச் சாப்பிடுங்கள், ஜூஸ் வேண்டாம் என்றார் டாக்டர். இப்போது சர்க்கரை இல்லாத காபிதான். பழக இரண்டு வாரம் ஆனது, அவ்வளவுதான்.

கஷ்டமாக இருந்தது சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதுதான். நான் ஒருத்தி நினைத்தால் நடக்காது. கணவரிடம் வாய்விட்டுக் கேட்டேன். நான் எட்டு மணிக்கு வருவதற்குள் அவர் குக்கர் வைத்துவிடுகிறார். எட்டேகாலுக்கு எல்லாரும் சேர்ந்து உட்காருகிறோம். என் தட்டில் சாதம் ஒரு கரண்டி, பொரியல் இரண்டு பங்கு, பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ சுண்டலாக. அப்புறம் மாமியாரும் நானும் காலனியை நான்கு சுற்று நடப்போம்.

எட்டு மாதத்தில் 68 கிலோ. எஸ்ஜிபிடி 36, ஸ்கேனில் கிரேடு 1. மூன்று ஆழாக்கு வைத்த வீட்டில் இப்போது இரண்டுதான் வைக்கிறோம். மீந்தால் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன்.